பனி ஊருக்கு வந்த தந்தி

பதினோரு வருஷம் நான் பனியைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். துருவப் பிரதேசம், ஆறு மாதப் பகல், ஆறு மாத இரவு, மானை வண்டியில் பூட்டிப் போகும் மனிதர்கள் என்று சொல்லிக்கொண்டே சாக்பீஸைப் படுக்கப் போட்டுக் கரும்பலகையில் தேய்ப்பேன். முன் பெஞ்சுக்காரர்கள் தும்முகிற அளவுக்குப் பனி பெய்யும். அந்தப் பதினோரு வருஷத்தில் நான் நேரில் பார்த்த பனி என்றால், தென்காசி பஸ் நிலையத்துக்கு எதிரே சர்பத் கடையில் மரத்தூளுக்குள் புதைத்து வைத்திருந்த ஐஸ் பாளம் ஒன்றுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மாணவர் பரிமாற்றம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் பையன்கள் ஆறு பேர் இமயமலையில் ஒரு கணவாய்க்கு அப்பால் இருக்கும் கிராமப் பள்ளிக்குப் போய்ப் பத்து நாள் தங்க வேண்டும். அந்த ஊர்ப் பிள்ளைகள் அடுத்த வருஷம் குற்றாலச் சீசனுக்கு இங்கே வருவார்கள். யார் கூட்டிக்கொண்டு போவது என்ற பேச்சு எழுந்தபோது தலைமையாசிரியர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“வேய், இங்கன பனியப் பத்தித் தெரிஞ்ச ஆளு நீரு ஒருத்தருதான். நீரே கூட்டிட்டுப் போரும்.”

எனக்கு இந்தியும் தெரியும் என்று நான் ஊருக்குள் பரப்பி வைத்திருந்தேன். அதற்கு ஆதாரம், தபாலில் படித்து மூன்றாம் முறையில் தேறிய ஒரு பரீட்சை. மறுக்க வழியில்லை. உண்மையைச் சொன்னால் மறுக்க மனசும் இல்லை.

ஆறு பேரில் ஒருவனுடைய அப்பா தையல்காரர். கோபுரம் கட்டாமல் கிடந்த கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் கடை. தென்காசியில் குளிருக்கு என்ன கிடைக்கும்? தலைக்குக் குல்லாவும் கழுத்துக்குத் துண்டும் கிடைக்கும். அவர் செங்கோட்டைச் சந்தையில் பழைய ராணுவக் கம்பளிகளை வாங்கிவந்து, ஆறு பையன்களுக்கும் எனக்கும் கூலி வாங்காமல் கோட்டு தைத்துக் கொடுத்தார். அளவு எடுக்கும்போது நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன்.

“சார்வாள், மூச்ச விடுங்க. நீங்க இழுத்துப் புடிக்கதுக்குத் தைக்கேனா, இல்ல இருக்கதுக்குத் தைக்கேனா?”

“இருக்கதுக்கு என்றால் இரண்டு கம்பளி வேண்டுமே?”

“அதான் மூணு எடுத்து வச்சிருக்கேன்” என்றார் அவர், சிரிக்காமல்.

அவருக்கு ஒரே மகன். பத்தாம் வகுப்பு. ரயிலடிக்கு வந்தவர் மகன் முன்னால் வந்து நின்றார். கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு, கழற்றி, மறுபடி போட்டுவிட்டார். எங்கள் ஊர் வெயிலில் அவனுக்கு வேர்த்து வழிந்தது.

“எப்பா, வேக்குதுப்பா.”

“இருக்கட்டும்லே. ஒரு தடவ பாத்துக்கிடுதேன்.”

அதுதான் நான் பார்த்த வழியனுப்பு.

அந்தப் பனி ஊரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள், தட்டைக் கூரை மேல் அடுக்கிய வைக்கோல், வீட்டு நடுவில் ஓர் இரும்பு அடுப்பு, அதைச் சுற்றி மனிதர், ஆடு எல்லோரும். உப்புப் போட்ட தேநீரில் வெண்ணெய் மிதக்கும். முதல் மடக்குக் குடித்ததும் பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாத்தியார் என்பதால் விழுங்கினேன். முதல் நாள் பனி பூவாகத் தூவியபோது ஆறு பேரும் வாயைத் திறந்துகொண்டு வெளியே ஓடினார்கள். அவர்களை அடக்க ஓடிய நான் நாலாவது அடியில் வழுக்கி விழுந்தேன். தையல்காரர் மகன்தான் கையைக் கொடுத்துத் தூக்கினான்.

“சார், கரும்பலகைல இது வழுக்கல.”

அவன் தினமும் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினான். எழுதி என்னிடம் கொடுப்பான். ஊருக்குள் தபால் வாரத்துக்கு ஒருமுறை வரும், போகும்.

ஆறாம் நாள் காலை அப்படி வந்த தபாலில் ஒரு தந்தி இருந்தது. கீழே ஒரு நகரத்துக்கு வந்து, அங்கிருந்து ராணுவ லாரியில் ஏறி, நாலு நாள் பழையதாகி என் கைக்கு வந்தது. பையனின் மாமா அனுப்பியிருந்தார். அப்பாவுக்கு உடல்நிலை மிக மோசம், பையனை உடனே அனுப்பவும்.

படித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் இறந்துவிட்டார் என்று.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த நாளில் சாவைத் தந்தியில் சொல்லமாட்டார்கள். தபாலாபீஸில் படிவத்தை நீட்டும்போதே அங்கிருப்பவர் சொல்லிவிடுவார்: “செத்துட்டாருன்னு போடாதீரும். தூரத்துல கெடக்கவன் பதறிருவான். மேலுக்கு முடியலன்னு போடும்.” அது இரக்கத்தில் செய்கிற காரியம். ஆனால் ஊர் முழுக்க அதையே செய்வதால், முடியவில்லை என்று தந்தி வந்த வீட்டில் படித்து முடிக்கும் முன்பே அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்கும் அப்படி ஒன்று வந்திருந்தது. கோயம்புத்தூரில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது. எனக்கு வயசு பத்தொன்பது, வழக்கம் தெரியாது. தந்தியில் உடம்பு முடியவில்லை என்றிருந்ததால் உடம்புதான் முடியவில்லை என்று நம்பினேன். மதுரையில் அப்பாவுக்காக ஆறு ஆரஞ்சுப்பழம் வாங்கினேன். வழியில் பசித்ததால் இரண்டை நானே தின்றேன். பக்கத்து இருக்கைக்காரரிடம் வேடிக்கை பேசிக்கொண்டு வந்தேன். தென்காசி ரயிலடியில் என் அண்ணன் மொட்டைத் தலையோடு நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்த பிறகு நான் கையிலிருந்த பையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். பகல் முழுக்கச் சிரித்துக்கொண்டு, பழம் தின்றுகொண்டு வந்திருக்கிறேன். அந்த வெட்கம் எனக்குப் போகவே இல்லை.

அது இந்தப் பையனுக்கு வரக்கூடாது என்று முடிவு செய்தேன். தந்தியை மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தேன்.

அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் ஒல்லியான, நெடிய மனிதர். தபாலைக் கொண்டுவந்து தந்தவரே அவர்தான். என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். என் இந்தியும் அவர் ஆங்கிலமும் கலந்து பேசிக்கொண்டோம்.

“தந்தியில் என்ன போட்டிருக்கிறது?”

“உடல்நிலை மோசம் என்று.”

“அப்படியானால் உடல்நிலை மோசம். லாரி மதியம் கீழே திரும்புகிறது. இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. நீங்களும் பையனும் போங்கள். மற்ற ஐந்து பேரை நான் பார்த்துக்கொள்கிறேன். வானத்தைப் பாருங்கள், இன்று விட்டால் பாதை மூடிவிடும்.”

நான் லேசாகச் சிரித்தேன். விவரம் தெரியாதவர்களைப் பார்த்து விவரம் தெரிந்தவன் சிரிக்கிற சிரிப்பு. “எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. இது இறந்த பிறகு கொடுக்கிற தந்தி. நாங்கள் ஒரு நாளைக்கு மேல் உடலை வைத்திருப்பதும் இல்லை. எல்லாம் முடிந்திருக்கும். இவனை இப்போது அவசரமாகக் கூட்டிக்கொண்டு போய் என்ன பயன்? நண்பர்களோடு இருக்கட்டும். ஊருக்குப் பக்கத்தில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.”

“எங்கள் ஊரில் இறந்தால் இறந்தார் என்றுதான் சொல்வோம், மாஸ்டர்ஜி.”

“அதுதான் வித்தியாசம்” என்றேன்.

மதியம் லாரி கிளம்பியது. பின்பக்கம் காலியாக இருந்தது. பையன்கள் அதற்குக் கை காட்டினார்கள். அவனும் காட்டினான்.

அன்று பிடித்த பனி இரண்டு நாள் விடவில்லை. கணவாய் மூடிக்கொண்டது. கீழே சேதி அனுப்பவும் வழியில்லை. தந்தி வந்த நாளிலிருந்து ஒன்பது நாள் அங்கேயே கிடந்தோம். அந்த ஒன்பது நாளும் நான் பேசிய வேடிக்கையைப் போல வாழ்நாளில் பேசியதில்லை. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஊரில் உள்ள ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டினேன். அந்த ஊர்ப் பெண்கள்கூட மொழி புரியாமல் சிரித்தார்கள். அவன் சிரித்து முடித்துவிட்டுத் தாளை எடுத்துக்கொள்வான். இல்லாத அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறானே என்று எனக்கு உள்ளே அறுக்கும். ஒவ்வொன்றையும் வாங்கி, அன்று லாரியில் போடாமல் வைத்துக்கொண்ட முந்தைய கடிதங்களோடு சேர்த்துப் பத்திரமாகத் தந்திக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

பாதை திறந்ததும் புறப்பட்டோம். லாரி, பஸ், ரயில் என்று ஒரு வாரப் பயணம். டெல்லியில் இறங்கியதும் வரும் நாளைச் சொல்லிப் பள்ளிக்கு ஒரு தந்தி கொடுத்தேன். ட்ரங்க் கால் போட்டு விசாரித்திருக்கலாம். போடவில்லை. தெரிந்ததைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்கப் பயம் என்பதுதான் நிஜம்.

மதுரையில் அடுத்த ரயிலுக்கு நாலைந்து மணி நேரம் இருந்தது. ஐந்து பேரையும் பெட்டிகளுக்குக் காவல் வைத்துவிட்டு, அவனை மட்டும் தேநீர் குடிக்க என்று வெளியே கூட்டிப்போனேன். டீக்கடைவரை போகவில்லை. நடைபாதையிலேயே சொன்னேன். அப்பா இல்லை, பதினைந்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது, தந்தி வந்தது, நான்தான் சொல்லவில்லை என்று.

அவன் கத்தவில்லை. சுவரோரம் உட்கார்ந்தான். “கொள்ளி யாரு சார் வச்சிருப்பா?” என்று கேட்டான்.

“மாமா வைத்திருப்பார்.”

“மாமா வைக்கக் கூடாதுல்லா சார். நான் இருக்கேம்லா.”

“மொட்டையாவது போட்டுட்டுப் போறேன் சார். தலைல முடியோட எங்க அம்மா முன்னால போயி நிக்க முடியாது.”

வைகைக் கரையில் ஒரு மரத்தடியில் நாவிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பையனின் முகத்தைப் பார்த்ததும் அவர் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார். மழைக்காலம் தொடங்கி ஆற்றில் தண்ணீர் ஓடியது. அவன் முங்கி எழுந்தான். நான் துண்டைக் கொடுத்தேன். ஓர் ஆசிரியனாக நான் செய்த மிகச் சரியான காரியம் இதுதான் என்று அந்த நிமிஷத்தில் எனக்குப் பட்டது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

தென்காசி ரயிலடியில் மற்ற ஐந்து பையன்களின் வீட்டாரும் வந்திருந்தார்கள். அவன் வீட்டிலிருந்து யாரும் இல்லை. துக்க வீடு, யார் வருவார்கள் என்று நினைத்தேன். அவன் தலையைப் பார்த்த பெற்றோர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அதையும் நான் எனக்குத் தோதாகவே எடுத்துக்கொண்டேன். குதிரை வண்டி வைத்து அவனைக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் துட்டி கேட்பதற்காக, அதாவது துக்கம் விசாரிப்பதற்காக, முகத்தைத் தயார் செய்துகொண்டு வந்தேன். போனவுடன் மாமாவின் இரண்டு கையையும் பிடிக்க வேண்டும். அந்த அம்மாவைப் பார்த்துத் தலையைக் குனிய வேண்டும்.

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவனைப் பார்த்தாள். குடத்தை விட்டாள். “ஏ ஆத்தி!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சத்தம் கேட்டு அவன் அம்மா வாசலுக்கு வந்தார். அவர் நெற்றியில் குங்குமம் இருந்தது.

என் வாழ்க்கையில் நான் முட்டாளாக நின்ற இடங்கள் அநேகம். அவற்றையெல்லாம் நானே கதையாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இந்த ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த அம்மா மகனின் தலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தன் முந்தானையை எடுத்து அவன் தலைமேல் போட்டு மூடினார். உள்ளேயிருந்து மாமா வந்தார். “வந்துட்டியாலே! உசுரு ஒன்னையத்தாம்லே பாத்துக்கிட்டுக் கெடக்கு” என்றவர், முந்தானையை விலக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

மஞ்சள் காமாலை. பார்த்த வைத்தியம் எதுவும் கேட்கவில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றதும் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள்.

“நாலு நாளைக்கு முந்தி வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு சார். பய வந்துட்டானா, பய வந்துட்டானான்னு. இப்பம் பேச்சு நின்னுட்டு. கண்ணு தெரியுது, காது கேக்குது.”

நாடாக்கட்டிலில் மஞ்சளாகக் கிடந்தார். மகன் கட்டிலோரம் மண்டியிட்டான். முந்தானை தோளில் நழுவியது. அவர் கை மெல்ல எழுந்து அந்த மொட்டைத் தலையின் மேல் வந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் தடவியது. நின்றது. மறுபடி தடவியது. கண் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டது. நாங்கள் எல்லோரும் அங்கே நின்றுகொண்டிருந்தோம்.

“நேந்துக்கிட்டேம்ப்பா” என்றான் அவன். “ஒனக்கு மேலு நல்லாவணும்னு திருப்பரங்குன்றத்துக்கு. மதுரைல எறங்கி, போட்டுட்டுத்தான் வாரேன்.”

அவர் கை அங்கேயே கிடந்தது.

நான் கோட்டுப் பைக்குள் இருந்த கடிதங்களை எடுத்து அவனிடம் கொடுத்தேன். அன்று சாயங்காலமும் மறுநாளும் அவன் கட்டிலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தான் என்று மாமா சொன்னார். நான் விழுந்ததை எழுதியிருந்த இடத்தில் அவர் உதடு அசைந்ததாம். மூன்றாம் நாள் காலை அவர் போய்விட்டார்.

அன்றைக்கு வந்த நாவிதர் பையனை உட்கார வைத்துவிட்டுத் தலையைப் பார்த்தார். எடுக்க ஒன்றும் இல்லை. மாமாவைப் பார்த்தார். “சும்மா ஓட்டும்” என்றார் மாமா. தண்ணீர் தொட்டுத் தடவி, வெறுந்தலையில் கத்தியை ஓட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் தெருவில் நின்றேன். கொள்ளியை அவன்தான் வைத்தான்.

ஊரில் கதை வேறாகப் பரவியது. பனி விழுந்து பாதை மூடிவிட்டது, பாவம், பிள்ளையை வாத்தியார் எப்படியோ கடைசி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார் என்று. மொட்டையையும் வேண்டுதல் என்றே பேசிக்கொண்டார்கள். நான் அதைத் திருத்தவில்லை. ஆசிரியர்கள் அறையில் ஒருவர் என் கையைப் பிடித்து, “புண்ணியம் வே ஒமக்கு” என்றபோதுகூட நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தை அமாவாசை அன்று என் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்யக் குற்றாலத்துக்குப் போயிருந்தேன். அருவியில் தண்ணீர் குறைந்து, பாறையை ஒட்டி நாலைந்து கோடாக விழுந்துகொண்டிருந்தது. கீழே ஒரே கூட்டம். முடித்துவிட்டு ஈர வேட்டியோடு படியேறும்போது எதிரே அந்த அம்மாவும் அவனும் வந்தார்கள். அவனுக்கு முடி ஓரளவு வளர்ந்திருந்தது. நெற்றி நிறைய திருநீறு. அந்த அம்மா நெற்றியிலும் திருநீறுதான்.

ஒதுங்கிப் போக நினைத்தேன். அவர் கூப்பிட்டுவிட்டார்.

“சார், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வீட்டுல ஆளும்பேருமா இருந்ததால கேக்கல.”

“கேளுங்கம்மா.”

“இவன் மதுரைல எதுக்கு மொட்ட போட்டாம்னு எனக்கு வாசல்ல பாத்தப்பமே தெரியும். அத விடுங்க. எங்க பக்கத்துத் தந்திய வேற எப்படிப் படிப்பிய? நானா இருந்தாலும் அப்படித்தான் படிச்சிருப்பேன்.” மகனை ஒருமுறை பார்த்தார். “பாத மூடிட்டு, பாத மூடிட்டுன்னு ஊரு பூராச் சொல்லுதாங்க. தந்தி வந்தப்பமே மூடித்தான் கெடந்துச்சா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கேட்பதற்கு அந்த ஊர்த் தலைமையாசிரியர் மலைக்கு அப்பால் இருந்தார். லாரி எதற்கென்று இந்தப் பையனுக்குத் தெரியாது. அந்த அம்மாவும் ஆமாம் என்ற சொல்லுக்காகத்தான் காத்திருந்தார் என்று எனக்குப் பட்டது. அதைச் சொல்லிவிட்டால் அவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு வடிப்பார்.

“இல்லம்மா” என்றேன். “அன்னைக்கு மத்தியானம் ஒரு லாரி போச்சு. ரெண்டு பேருக்கு இடம் இருந்தது. போகச் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்று விட்டேன்.”

அருவிச் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று பார்த்தேன். கேட்டிருந்தது.

“அதுல வந்திருந்தா?”

“எட்டு, ஒன்பது நாள் முன்னால் வந்திருப்போம்.”

“அப்பம் பேசிக்கிட்டு இருந்தாரு” என்றார். என்னிடம் சொன்னது போலில்லை. படிக்கட்டைப் பார்த்துச் சொன்னார். பிறகு கையில் இருந்த ஈரத்துணி மூட்டையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு கீழே இறங்க ஆரம்பித்தார். கூட்டம் அவருக்கு வழி விட்டது.

அவன் நின்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய செருப்பில்லாத கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எங்கிட்டச் சொல்லிருந்தா நான் போயிருப்பேன் சார்” என்றான். கோபமாக இல்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்வது போல் சொன்னான். “அப்பா செத்துட்டாருன்னு சொல்லிருந்தாலும் போயிருப்பேன்.”

“தெரியும்ப்பா” என்றேன்.

உண்மையில் அவன் சொன்ன பிறகுதான் தெரிந்தது. தந்தியை அவனிடம் கொடுத்திருந்தாலே போதும், முடிவை அவனே எடுத்திருப்பான். எனக்கு அது தோன்றவே இல்லை. அவன் அம்மா கீழே இருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவன் ஈரப்படியில் கவனமாகக் கால் வைத்து இறங்கிப் போனான். வாரேன் சார் என்று சொல்லவில்லை.